சோழவரத்திலிருந்து செட்டிபாளையம் வரை

உலகத்தில் தூது போவதைப் போல் ஆபத்தான காரியம் வேறு கிடையாது. கௌரவர் சபைக்குத் தூது போன கண்ணனுக்கே காரியம் கைகூடவில்லை என்றால், நம் போன்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சென்ற மார்கழி மாதத்தில் நாமும் ஒரு தூதை ஏற்றுக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் புறப்பட்டோம்.

தூது அனுப்பியவர் நம் பழைய நண்பர். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில் ஒன்றில் முப்பது வருஷம் ஃபோர்மனாக இருந்து, கண்ணையும் காதையும் உஷ்ணத்துக்கும் சத்தத்துக்கும் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே பெண் அந்தப் பக்கத்து என்ஜினீயரிங் கல்லூரி ஒன்றில் நாலாவது வருஷம் படிக்கிறாள். ஒரு நாள் இரவு அவர் டெலிபோனில் கூப்பிட்டார்.

“பெண் படிப்பை விட்டுவிட்டுக் கார் செய்கிறாள், ஐயா! பந்தயக் கார்! ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருகிறாள், கையெல்லாம் கிரீஸ். தை மாதம் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கு வந்து வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். அந்த நாளில் இவள் கோயமுத்தூரில் கார்ப் பந்தயத்தில் இருப்பாளாம். பாங்கியில் கல்விக் கடன் வாங்கியிருக்கிறேன். வட்டிக்குப் பந்தயம் தெரியுமா? நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள். நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர். நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள்.”

பத்திரிகையில் எழுதுகிறவர்கள் சொல்வதை யாராவது கேட்கிறார்கள் என்று நம்புகிற ஒருவர் இன்னும் இருக்கிறாரே என்ற சந்தோஷத்தில் நாம் உடனே சம்மதித்துவிட்டோம்.

வடக்கே போகும் ராஜபாட்டை

சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. ரோடு பெரிய லாரிகளின் ராஜ்யம். புழல் ஏரியின் கரையைக் கடந்தால் செங்குன்றம். அங்கே நெல் புழுங்கும் வாசனை காருக்குள் வந்து நம்மை விசாரித்துவிட்டுப் போகிறது. அடுத்தது சோழவரம். புழல் ஏரியும் சோழவரம் ஏரியும் சென்னை நகரத்தின் தாகம் தீர்க்கும் இரண்டு பெரிய பாத்திரங்கள் என்பது நேயர்களுக்குத் தெரியும். ஆனால் சோழவரத்துக்கு வேறொரு பிரசித்தியும் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் நம்புவதில்லை.

இரண்டாவது மகாயுத்த காலத்தில் வெள்ளைக்கார சர்க்கார் இங்கே ஆகாய விமானங்களுக்காக ஓர் ஓடுதளம் போட்டது. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரரும் போனார்கள், கான்கிரீட் மட்டும் மிஞ்சியது. 1953-ல் சென்னையில் தோன்றிய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அந்தக் கான்கிரீட்டில் கார்ப் பந்தயம் நடத்தலானார்கள். 1980-க்களின் பிற்பகுதி வரையில் இந்தியாவில் மோட்டார்ப் பந்தயம் என்றால் சோழவரந்தான்.

நாமும் சிறு பிள்ளையாயிருந்த காலத்தில் ஒரு வருஷம் அங்கே போனதுண்டு. வெயிலும் புழுதியும் பெட்ரோல் நாற்றமும் கலந்த அந்தக் கூட்டத்தில், வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கார்கள் போவதைப் பார்த்ததைவிட, போன பிறகு எழுந்த புழுதியைப் பார்த்ததே அதிகம். ஆனால் ஒரு விஷயம் அப்போது நமக்குத் தெரியாது, பின்னால்தான் விளங்கிற்று. அன்று அங்கே ஓடிய கார்களில் பல, கடையில் வாங்கியவை அல்ல. வெளிநாட்டுச் சாமான்களை இறக்குமதி செய்வது குதிரைக் கொம்பாயிருந்த காலம் அது. பழைய ஃபியட், ஹெரால்டு கார்களைப் பிரித்து, வெட்டி, ஒட்டி, மேல்கூட்டைக் கழற்றி எறிந்து, நம் ஊர் மெக்கானிக்குகளே பந்தயக் கார்களைச் செய்தார்கள். ஏழ்மை ஒரு நல்ல என்ஜினீயரிங் வாத்தியார்.

அந்த வழியில் வந்தவர்தான் கோயமுத்தூர் கரிவரதன். மில் குடும்பத்தில் பிறந்து, சோழவரத்தில் பந்தயம் ஓட்டி, பிறகு தாமே கார்களை வடிவமைக்கத் தொடங்கியவர். நம் வீடுகளுக்குக் காய்கறி வாங்கப் போய்வந்த சின்ன மாருதிக் காரின் என்ஜினைக் கொண்டு, 1980-க்களின் இறுதியில் ‘ஃபார்முலா மாருதி’ என்ற பந்தய வண்டியை உண்டாக்கினார். பிற்காலத்தில், 2005-ல், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்று புகழ் பெற்ற நாராயண் கார்த்திகேயன் பந்தயப் பாலபாடம் படித்தது அந்த மாதிரி வண்டியில்தான். கரிவரதன் 1995-ல் ஒரு விமான விபத்தில் காலமானார்.

1990-ஐ ஒட்டிப் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டையில் கட்டப்பட்ட புதிய பாதைக்குப் போய்விட்டன. சோழவரம் ஓய்வு பெற்றது. அந்தப் பக்கம் காரை நிறுத்தித் தூரத்திலிருந்து பார்த்தோம். சீமைக்கருவேலும் புல்லும் மண்டிய வெளி. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், “இங்கே கார்ப் பந்தயம் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா?” என்று கேட்டோம். “ஞாபகம் இல்லாமல் என்ன? அந்த மூன்று நாளும் மாடு பால் கறக்காது” என்றார். சரித்திரத்தைப் பலர் பல கோணத்திலிருந்து பார்க்கிறார்கள்.

இரும்பு ஊர்

காரனோடையில் கொசஸ்தலை ஆற்றைத் தாண்டி, சிறுவாபுரி முருகனுக்கு வழியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கவரப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி சேர்ந்தோம். சென்னையிலிருந்து வடக்கே ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். இன்னும் சற்றுப் போனால் ஆரம்பாக்கம். அதற்கப்பால் ஆந்திர தேசம்.

சிப்காட் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் வானத்தின் நிறமே மாறுகிறது. பழைய இரும்பு மலைமலையாக லாரிகளில் வந்து இறங்குகிறது, உருகுகிறது, சிவந்த பில்லட்டாகி, உருளைகளுக்கிடையில் நெருப்புப் பாம்பாக நெளிந்து, வீடு கட்டும் கம்பியாக வெளியே போகிறது. சென்னையில் எழும்பும் மாடி வீடுகளுக்குள் கும்மிடிப்பூண்டிக் கம்பி எத்தனை மறைந்திருக்கிறதென்று கணக்கிட்டவர் யார்?

சென்னைக்கு வடக்கும் மேற்குமாக உள்ள இந்தப் பிரதேசம் முழுவதுமே சக்கரங்களின் நாடு. எண்ணூரில் 1948-ல், சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே, அசோக் மோட்டார்ஸ் தோன்றி ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கிற்று. அதுவே பிறகு அசோக் லேலண்டாகி லாரிகளுக்குத் தாய்வீடாயிற்று. அம்பத்தூரில் 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை. திருவொற்றியூரில் 1955-ல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். ஆவடியில் 1965-ல் விஜயந்தா டாங்கி. திருவள்ளூரில் 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார் ஜப்பானிய மாதிரியான லான்சர் காரைச் செய்தார்கள். அதே இடத்திலிருந்து 2021-ல் பிரெஞ்சுக்காரரின் சிட்ரோன் கார் வெளிவந்தது.

இவ்வளவும் சரிதான். ஆனால் பெயர்களைச் சற்று உற்றுப் பாருங்கள். ஆஸ்டின், லேலண்டு, என்ஃபீல்டு, மிட்ஸுபிஷி, சிட்ரோன். கை நம்முடையது, இரும்பு நம்முடையது, வியர்வை நம்முடையது. படம் வரைந்த பென்சில் பெரும்பாலும் வேறொருவருடையது. இந்த நினைவோடு நாம் கல்லூரிக்குப் போனோம் என்பதை நேயர்கள் மறக்கக் கூடாது. ஏனென்றால் தூது கெட்டுப் போனதற்கு இதுவே முதற் காரணம்.

தகரக் கொட்டகையில் ஒரு சபை

கல்லூரியின் பின்புறம், சைக்கிள் கொட்டகையை அடுத்து, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. உள்ளே இருபது பிள்ளைகள். நடுவில் மேஜைமேல் எலும்புக்கூடு போல் ஒரு வண்டி. அதனடியிலிருந்து முதலில் இரண்டு செருப்புக் கால்களும், பிறகு ஒரு பின்னலும், கடைசியில் நம் நண்பருடைய பெண்ணும் வெளிவந்தார்கள்.

“வாருங்கள், மாமா! அப்பா அனுப்பினாரா?” என்றாள். தூதனுடைய அந்தரங்கம் முதல் வார்த்தையிலேயே வெளிப்பட்டுவிட்டது.

“சும்மா பார்க்க வந்தோம், அம்மா” என்று ஒரு பொய் சொன்னோம். அவளும் நம்புவதாக ஒரு பொய் சொன்னாள். பிறகு விளக்கத் தொடங்கினாள்.

1981-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் பிறந்த ஏற்பாடு இது. 1998-ல் இங்கிலாந்துக்கும், 2006-ல் ஜெர்மனிக்கும் பரவிற்று. இந்தியாவில் தொடக்க காலத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் மாணவர் போட்டிகள் நடந்தன. இப்போது ‘ஃபார்முலா பாரத்’ என்ற பெயரில் ஜனவரி மாதந்தோறும் கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் நடைபெறுகிறது. பெட்ரோல் வண்டிக்கு ஒரு பிரிவு. மின்சார வண்டிக்கு ஒரு பிரிவு. பம்பாய் ஐ.ஐ.டி. பிள்ளைகள் 2012-லேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ரஃப்தார்’ குழுவினர் 2022-ல் தங்கள் முதல் மின்சார வண்டியைச் சபையில் நிறுத்தினார்கள்.

“எங்களுக்கு பாட்டரி வாங்கப் பணம் இல்லை, மாமா. மோட்டார் சைக்கிள் என்ஜின்தான்.”

என்ஜினைப் பார்த்தோம். அதற்குக் காற்று போகும் வழியில் ஒரு சிறு துவாரம். உலகமெங்கும் இந்தப் போட்டியில் இதுதான் விதி: பெட்ரோல் என்ஜின் இழுக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துவாரம் ஒன்றின் வழியாகவே போக வேண்டும். வேகம் மிதமிஞ்சிப் போகாமலிருக்க இந்தக் கட்டு. நாகஸ்வர வித்வானை மூக்கைப் பிடித்துக்கொண்டு தோடி ஆலாபனை செய்யச் சொல்வது போன்ற காரியம். ஆனால் அந்தச் சிறு வழியில் காற்றை எப்படிச் சுருட்டி, எப்படி விரித்து அனுப்புவது என்று யோசிப்பதிலேதான் என்ஜினீயரின் வித்தை இருக்கிறது.

“யார் வேகமாக ஓட்டுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு, அவ்வளவுதானே?” என்று கேட்டோம்.

இருபது முகங்களும் நம்மை இரக்கத்தோடு பார்த்தன. மொத்தம் 1000 மதிப்பெண். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வண்டி ஓடுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ஒரு போல்ட்டு, ஒரு வாஷர் விடாமல் என்ன விலை ஆயிற்று என்று கணக்குக் காட்ட வேண்டும். இந்த வண்டியைச் செய்து விற்பதானால் எப்படி விற்பாய் என்று வியாபாரி போல் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுபவசாலிகளான நீதிபதிகள் வண்டியைச் சுற்றி வந்து, ‘இது ஏன் இங்கே இருக்கிறது? ஏன் இவ்வளவு கனம்? ஏன் வேறு விதமாகச் செய்யவில்லை?’ என்று கேட்பார்கள். ‘போன வருஷம் சீனியர்கள் இப்படிச் செய்தார்கள்’ என்று பதில் சொன்னால் மதிப்பெண் போயிற்று.

நம் கல்லூரிகளில் மாணவனிடம் ‘என்ன’ என்று கேட்கிறோம். ‘எப்போது’ என்று கேட்கிறோம். ‘எத்தனை மார்க்’ என்று தவறாமல் கேட்கிறோம். ‘ஏன்’ என்று கேட்பவர் யார்? அந்தக் கேள்விக்காகவே இருபது பிள்ளைகள் ராத்திரித் தூக்கத்தைத் தியாகம் செய்வதைப் பார்த்தபோது, நாம் கொண்டு வந்த புத்திமதி நான்கும் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டன.

ஆனாலும் கடமையை அடியோடு மறக்கவில்லை. “அந்தக் கம்பெனி இன்டர்வியூ?” என்று மெல்ல ஆரம்பித்தோம்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “கடன் எவ்வளவென்று எனக்கும் தெரியும், மாமா. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்டர்வியூவில் ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்டால், இதைத் தவிர நான் செய்தது என்று எதைச் சொல்வேன்?” என்றாள்.

ஃபோர்மனின் தீர்ப்பு

அன்று மாலை நண்பரிடம் நம் தோல்வியை ஒப்புக்கொண்டோம். “நீரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு அப்புறம் திட்டும்” என்றோம். திட்டுவதற்காகவே அவர் கிளம்பி வந்தார்.

கொட்டகைக்குள் வந்தவர் ஒருவரோடும் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்தைத் தாங்கும் கைகள் சட்டத்தோடு சேருமிடத்தில் நின்றார். விரலால் தடவினார்.

“இந்த வெல்டிங் யார் செய்தது?”

“நான்தான், அப்பா.”

“பார்க்க அழகாயிருக்கிறது. உள்ளே பிடிக்கவில்லை.”

பெண்ணின் முகம் சிவந்தது. இரண்டு துண்டுக் குழாய்களை அதே மாதிரி ஒட்டச் சொன்னார். ஒட்டியதை வைஸில் பூட்டி ஒரு சுத்தியல் அடி. ஒட்டு முள்ளங்கி போல் முறிந்தது. சபையில் ஒரு சத்தமில்லை. மேலே தழும்பு இருந்ததே தவிர, அடியில் இரும்போடு இரும்பு கலக்கவேயில்லை. அந்தக் கை ஒரு திருப்பத்தில் விட்டுப் போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நண்பர் சட்டைக் கையை மடித்தார். “கரன்ட்டைக் கூட்டு. அவசரப்படாதே. இரும்பு உருகி ஒரு குளம் போல் நிற்கும். அது இரண்டு பக்கமும் பரவுகிற வரையில் காத்திரு. பிறகு நகர்த்து” என்றார். முப்பது வருஷத்தில் அவர் தம் பெண்ணுக்குத் தம்முடைய தொழிலைச் சொல்லிக் கொடுத்தது அதுதான் முதல் தடவையாம். ராத்திரி பதினொன்றரை மணிக்கு வீடு திரும்பினோம். அவர் கையிலும் கிரீஸ் இருந்தது. வீட்டு அம்மாள் நம்மைப் பார்த்த பார்வையில், இனி எந்த வீட்டுக்கும் தூது போவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டோம்.

செட்டிபாளையத்தில்

பொங்கல் கழிந்த சில நாளில், வண்டியை ஒரு சிறு லாரியில் ஏற்றிக்கொண்டு பிள்ளைகள் கோயமுத்தூர் போனார்கள். நாமும் நண்பரும் ரயிலில் போனோம். கோயமுத்தூர், யந்திரத்தைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்ற ஊர். ஜி.டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டித் தொழில் கற்றார் என்று அவ்வூரார் இன்றும் சொல்லுகிறார்கள். ஊருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதைக்குக் கரிவரதன் பெயரையே வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம்! சோழவரத்துப் புழுதி இங்கே வந்துதான் படிந்திருக்கிறது.

தேசத்தின் பல மாகாணங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மராத்தி, ஹிந்தி, தெலுங்கு, மலையாளம், தமிழ் எல்லாம் அந்தக் கொட்டகைகளில் ஒலித்தன. ஆயினும் ஒரு ஸ்பானர் குறைந்தால் பாஷை குறுக்கே நிற்கவில்லை. போட்டிக் குழுவே எழுந்து போய்த் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

முதலில் சோதனைகள். ஓட்டுகிறவர் ஐந்து விநாடிக்குள் வண்டியிலிருந்து வெளியே குதிக்க வேண்டும். வண்டியை ஒரு மேடையில் நிறுத்தி 60 டிகிரி சாய்ப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய் சிந்தக் கூடாது. சக்கரம் எழும்பக் கூடாது. பிரேக் போட்டால் நான்கு சக்கரமும் ஒருங்கே பூட்டிக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகளின் வண்டியில் முதல் தடவை மூன்று சக்கரம் நின்றது, நாலாவது யோசித்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை நான்கும் கீச்சென்று நின்றபோது, பக்கத்துக் கொட்டகைக்காரர்களும் கை தட்டினார்கள்.

பிறகு 75 மீட்டர் நேர் ஓட்டம். அப்புறம் ‘எட்டு’ போடுவது. ஆம், லைசென்சுக்கு நாம் போட்ட அதே எட்டுத்தான். ஆனால் இங்கே விநாடியில் நூறில் ஒரு பங்குக்கும் கணக்கு உண்டு.

கடைசி நாள் நீண்ட ஓட்டம்: 22 கிலோமீட்டர். பாதியில் ஓட்டுகிறவர் மாற வேண்டும். இதுதான் வண்டியின் ஜாதகத்தைச் சொல்லும் சோதனை. புறப்படுகிற வண்டிகளில் பல திரும்பி வருவதில்லை. இரண்டாவது பாதியை ஓட்ட நம் நண்பருடைய பெண் உட்கார்ந்தாள். சூடேறிய என்ஜின் முதலில் முனகிற்று, பிறகு கிளம்பிற்று. நண்பர் கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. அந்த ஒட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒட்டு தாங்கிற்று. ஆனால் இரண்டு சுற்று மீதியிருக்கையில் ஏதோ சத்தம் கேட்டது. வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. பின் சக்கரத்துக்குச் சங்கிலி கொண்டு போகும் பல்சக்கரத்தில் ஒரு போல்ட்டு அதிர்ச்சியில் கழன்று விழுந்துவிட்டது. வருஷம் முழுவதும் பட்ட பாடு, ஒரு விரல் நீளமுள்ள போல்ட்டிடம் தோற்றது. விதிப்படி முடிக்காத ஓட்டத்துக்கு நிறைவான மதிப்பெண் கிடையாது.

பெண் தலைக் கவசத்தைக் கழற்றிவிட்டுத் தகப்பனார் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை, ஆனால் அதற்கு மிகவும் பிரயாசைப்பட்டாள் என்று தெரிந்தது.

நண்பர், “எங்கள் மில்லில் புது ஸ்டாண்டு பூட்டினால் முதல் நாள் என்றைக்கு ஓடியிருக்கிறது?” என்றார். பிறகு, “அந்தப் போல்ட்டுக்குக் கம்பி முறுக்கிக் கட்டவில்லையா?” என்று கேட்டார். “மறந்துவிட்டோம், அப்பா.” “இனி மறக்கமாட்டாய்.”

அவ்வளவுதான். பரிசு வேறு சர்வகலாசாலைக்குப் போயிற்று. அவர்கள் வண்டியைப் பார்த்தோம், தகுதியானவர்கள்.

முடிவுரை

அந்தத் தை மாதக் கம்பெனி நம் பெண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. கம்பெனிகளின் சுபாவம் அதுவல்ல. மாசி மாதம் வேறொன்று வந்தது. முக்கால் மணி நேரம் பேசினார்களாம். அதில் பெரும்பகுதி அந்தப் போல்ட்டைப் பற்றியே. அது ஏன் கழன்றது, எப்படித் தடுத்திருக்கலாம், உன் பங்கு என்ன என்று கேட்டார்களாம். முடிவு இன்னும் வரவில்லை. பாங்கிக் கடன் அப்படியே இருக்கிறது. இதையெல்லாம் மறைத்துவிட்டு மங்களம் பாடினால் நேயர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த வழியாகப் போனோம். பெண்ணுக்கு இது கடைசி வருஷம். வண்டி இனி மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகளின் பொறுப்பு. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால், நடுவில் நம் நண்பர் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் நாலைந்து புதுப் பிள்ளைகள். ஒருவன் ஒட்டிய குழாயை வைஸில் பூட்டிவிட்டுச் சுத்தியலை அவரிடம் நீட்டினான்.

“நீயே அடி, தம்பி” என்றார். “உடைந்தால் ஏன் உடைந்தது என்று எனக்குச் சொல்லு.”